சராசரி வயது மூன்று

ஏலப்பாறைப்பட்டிக்கு இயந்திரம் வந்து இறங்கிய அன்று அதற்குச் சந்தனம் வைத்தார்கள், மாலை போட்டார்கள், மேளம் அடித்தார்கள். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அதைக் கொண்டுவந்த லாரிக்காரர்தான் பின்பக்கம் கையை விட்டுத் தட்டிவிட்டார். உடனே பச்சை விளக்கு எரிந்தது. ஊரே கைதட்டியது. லாரிக்காரருக்குத்தான் அன்றைக்கு இரண்டாவது மாலை.

அதன் முழுப்பெயர் 'ஒருங்கிணைந்த மலைத்தீ முன்கணிப்பு, மீள்திறன் மற்றும் இளைஞர் எழுச்சி இயந்திரம்'. பெயர்ப்பலகை இயந்திரத்தைவிட இரண்டு முழம் அகலம். ஊர்க்காரர்கள் அந்தப் பெயரை ஒருதரம் வாசித்துப் பார்த்து, மூச்சு வாங்கி, 'பெட்டி' என்று வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் காலியாகக் கிடந்த சத்துணவுக் கூடத்தில் பெட்டி குடியேறியது.

பெட்டியோடு கூடவே தனிஸ்லாசும் வந்தார். மலைத்தீ மீள்திறன் ஆணையத்தின் சமூக ஈடுபாட்டு ஒருங்கிணைப்பாளர். பதினோரு மாத ஒப்பந்தம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும்; அதைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று ஊரில் இரண்டு கட்சி இருந்தது.

"மலை முழுக்க ஆயிரத்து இருநூறு உணரி புதைச்சிருக்கோம்," என்று அவர் கூட்டத்தில் விளக்கினார். "எந்தச் சரிவுல சருகு எவ்வளவு காஞ்சிருக்குன்னு பெட்டிக்கு... மன்னிக்கணும், இயந்திரத்துக்கு அத்துப்படி. நாளைக்கு எங்க தீப்பிடிக்க வாய்ப்புன்னு இன்னைக்கே கணிச்சிடும். தினமும் காலை அஞ்சு மணிக்கு ரோந்துப் பட்டியல் உங்க போனுக்கு வந்துடும்."

"வந்தா?" என்று கேட்டாள் விருமாயி.

விருமாயிக்கு இருபத்து நான்கு வயது. நாற்பத்தாறு ஆடு வைத்திருந்தாள். அவற்றை மேய்க்க அடிவாரச் சரிவுகளில் அனுமதிச் சீட்டும் வைத்திருந்தாள். அந்த ஆடும் அந்தச் சரிவும்தான் அவள் வீட்டு அடுப்பு. கூட்டங்களில் கேள்வி கேட்பது அவளுக்கு ஒரு வியாதி.

"வந்தா, நீங்க போகணும். சருகை ஒதுக்கணும், புல்லைக் குறைக்கணும், தடம் போடணும். இயந்திரத்துக்கு மூளை இருக்கு, கையில்ல. அந்தக் கைதாம்மா இளைஞர் சமுதாயம்!"

இளைஞர் சமுதாயம் பின்வரிசையில் உட்கார்ந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நாற்பது பேர். ஆளுக்கொரு மஞ்சள் டீ சட்டையும் கைப்பட்டையும் கொடுக்கப்பட்டன. கைப்பட்டை, போட்டவர் எங்கே போகிறார், எவ்வளவு தூரம் நடக்கிறார், என்ன வயது, என்ன எடை, என்ன சாப்பிடுகிறார் என்றெல்லாம் பெட்டிக்குச் சொல்லும். ஊரைவிட்டு எட்டு கிலோமீட்டர் தாண்டினால் ஊளையிடும்.

"காப்புக் கட்டியாச்சு," என்றார் பஞ்சாயத்துத் தலைவர். திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் பழக்கப்பட்ட விஷயம். ஆகையால் கைப்பட்டைக்குக் காப்பு என்றே பெயர் நிலைத்தது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் மூன்று நாள் நாற்பது பேரும் மலைக்குப் போனார்கள். நாலாம் நாள் சுருளிவேல் விடியுமுன்னே விருமாயி வீட்டுப் பட்டியில் வந்து நின்றான். பஞ்சர் கடை வைத்திருப்பவன். எண்ணெய் வழியத் தலை சீவி, சென்ட் அடித்திருந்தான். ஆடுகள் தும்மின.

"விருமாயிக்கா, ஒரு ஒத்தாசை. உத்தமபாளையத்துல பொண்ணு பாக்கப் போறோம்."

"போ. யாரு புடிச்சா?"

"காப்பு கட்டியிருக்கே. எல்லை தாண்டுனா ஊளை விடும்ல? பொண்ணு வீட்ல காப்பித் தட்டை வாங்கயில ஊளை விட்டா என்னாகும்?"

"கழத்தி வீட்ல வச்சுட்டுப் போடா."

"வச்சா, 'உறுப்பினர் அசைவற்றுக் கிடக்கிறார்'னு ஆம்புலன்சை அனுப்பிருமாம். தனிஸ்லாஸ் அண்ணன் சொன்னாரு. அது அசையணும்க்கா. மலையில அசையணும்." சொல்லிவிட்டு அவன் பட்டியின் மூலையில் நின்ற கிடாயைப் பார்த்தான். 

அதன் பெயர் பட்டாளத்தான். அதன் கழுத்தில் காப்பு கச்சிதமாகப் பொருந்தியது.

சுருளிக்குப் பெண் அமையவில்லை. ஆனால் சாயங்காலம் போனில் ஒரு பாராட்டு வந்திருந்தது. 'உறுப்பினர் சுருளிவேல் இன்று பதினாறு கிலோமீட்டர் ரோந்து சென்று, மனிதர் எளிதில் ஏற முடியாத குத்துப்பாறையில் நாற்பது நிமிடம் நின்று கண்காணித்தார். எழுச்சி அளவு நூற்றுக்குத் தொண்ணூற்றேழு.' முந்தின நாள் அவனே நேரில் போனபோது எழுச்சி இருபத்திரண்டு.

மறுநாள் காலை பட்டி வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். 

அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. ஒருத்தன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டினான். ஆறு மணிக்கு வண்டி கிளம்பவேண்டும். ஒருத்தி கைக்குழந்தைக்காரி. தெய்வக்கனி அரசுத் தேர்வுக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். 'மீள்திறன் என்றால் என்ன, விளக்குக' என்று வந்தால் இரண்டு பக்கம் எழுதுவாள், ஆனால் மலையேறினால் படிப்பதற்கு நேரமில்லை. இளைஞர் சமுதாயத்துக்கு விடிந்தால் வேறு வேலை இருக்கும் என்பதைத் திட்ட அறிக்கை எழுதியவர்கள் கணிக்கவில்லை. அதைக் கணிக்க இயந்திரம் இன்னும் வரவில்லை.

ஒரு வாரத்தில் முப்பத்தொன்பது காப்புகளும் ஆடுகளின் கழுத்துக்குப் போய்விட்டன. நாற்பதாவது விருமாயியின் கையில். அவள் எப்படியும் தினமும் மலைக்குப் போகிறவள். அவளுக்கு ஏமாற்ற வழியில்லை.

ஆடுகள் கடமை தவறவில்லை. இடுப்புயரப் புல்லை மொட்டையடித்தன. தாழ்ந்த கிளைகளை முன்னங்கால் தூக்கி நின்று வழித்தன. சருகை மிதித்து மாவாக்கின. முகடு நெடுக ஒரு பஸ் போகும் அகலத்துக்கு மண் தெரியும் தடம் விழுந்தது. ஊருக்கு மேலேயிருந்த எலுமிச்சைப்புல் சரிவு ஒன்றை மட்டும் அவை தொடவில்லை. அந்த வாசத்துக்கு ஆடு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

விருமாயியை அசரவைத்தது வேறு. காலையில் போனைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை; மலைமேல் சிக்னல் கிடையாது. சாயங்காலம் இறங்கி வந்துதான் அன்றைய பட்டியலைப் பார்ப்பாள். 'காலை ஐந்து மணி' என்று போட்டு, அன்று ரோந்து போகவேண்டிய இடங்கள் வரிசையாக இருக்கும். முதல் பத்து நாள் பட்டியல் ஒருபக்கம், ஆடு ஒருபக்கம். அதற்கப்புறம் பார்த்தால், பெட்டி சொன்ன இடத்துக்கெல்லாம் ஆடு சரியாகப் போய் வந்திருந்தது. ஓடையில் தண்ணி குடித்த இடம்கூடப் பட்டியலில் இருந்தது.

"பெட்டிக்கு ஆடு மேய்க்கத் தெரியுதுடி," என்றாள் தெய்வக்கனியிடம்.

"செயற்கை நுண்ணறிவுக்கா. அதுக்கு எல்லாம் தெரியும்," என்றாள் தெய்வக்கனி. அந்தக் கேள்விக்கும் அவளிடம் இரண்டு பக்கம் விடை இருந்தது.

அந்த மாசியில் சுற்றுவட்டாரத்தில் ஏழு மலை எரிந்தது. ஏலப்பாறைப்பட்டி மலையில் ஒரு பீடித்துண்டு அளவுக்குக்கூடப் புகையவில்லை. தனிஸ்லாசுக்குத் தலைமையகத்திலிருந்து தினமும் போன் வந்தது. அவர் நடையே மாறிப்போயிற்று. 

பங்குனி பிறந்த இரண்டாம் நாள் பைக்கை நிறுத்தியும் நிறுத்தாமலும் அவர் விருமாயியிடம் ஓடிவந்தார்.

"ஜெயிச்சுட்டோம்மா! மாநிலத்துலயே முதலிடம். ஆணையத்தோட தலைமை இயக்குநர், டாக்டர் ஹரிஹரபுத்திரன், அவரே நேர்ல வர்றாரு. நம்ம மலைய 'முழு மனிதக் காவல் முன்மாதிரி வனம்'னு அறிவிக்கப் போறாரு!"

"சந்தோசம்ணே. அறிவிச்சா என்ன ஆகும்?"

"சுத்தி வேலி போடுவாங்க. பன்னெண்டு அடி. காப்புக் கட்டின உறுப்பினர் மட்டும்தான் உள்ள போகலாம்."

விருமாயி கையிலிருந்த தொரட்டிக் கம்பைக் கீழே ஊன்றினாள். "அப்ப ஆடு?"

"ஆடா?" தனிஸ்லாஸ் சிரித்தார். "ஆடுதாம்மா காட்டுக்கு முதல் எதிரி. திட்ட அறிக்கையில நாலாம் பக்கமே அதான். ஆடு தென்பட்ட எடத்துல உடனடியா வேலின்னு போட்டிருக்கு. நல்லவேளை, நம்ம ரோந்துத் தடத்துல ஒரு ஆடுகூடத் தென்படல. இயந்திரமே சான்று குடுத்திருக்கு."

அவர் தோளுக்குப் பின்னால் பட்டாளத்தான் நின்றது. கழுத்தில் சுருளியின் காப்பு பச்சை விளக்கு காட்டியது. தனிஸ்லாஸ் திரும்பிப் பார்த்தார். ஆட்டைப் பார்த்தார். "நல்ல கெடா," என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார். கையில் பரிசு கிடைத்தவருக்குக் கண் கொஞ்சம் மங்கும் போலிருக்கிறது.

அன்று சாயங்காலம் பஞ்சர் கடை முன்னால் நாற்பது பேரும் கூடினார்கள்.

"ஆடுன்னு சொன்னா நாலாம் பக்கத்துப்படி வேலி. ஆளுன்னு சொன்னா பரிசாக் குடுக்கறாய்ங்க வேலி," என்றாள் விருமாயி. "எங்குட்டுப் போனாலும் மலை போச்சு. மலை போனா என் ஆட்டை அந்த வாரமே சந்தையில நிறுத்தணும். அதுக்கு உண்மையச் சொல்லிட்டுத் தோத்துப்போறேன். மேடையில ஏறிச் சொல்லிருவேன்."

"அக்கா, அக்கா," என்று தெய்வக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மோசடின்னு கேஸ் போட்டா எனக்கு அரசு வேலை இந்த சென்மத்துல கெடைக்காதுக்கா."

"எனக்குப் பொண்ணு கெடைக்காது," என்றான் சுருளி.

"உனக்குக் கேஸ் இல்லாமலே கெடைக்கலயே மாப்ள," என்றான் ஜீப்காரன்.

சிரிப்பு அடங்கியது. நாற்பது பேருக்கும் தெரிந்துதான் இருந்தது: காப்பு இவர்களுடையது, கழுத்து விருமாயியுடையது.

"சரி சொல்லு," என்றாள் தெய்வக்கனி கடைசியில். "ஆனா போட்டோ எடுத்த பெறகு சொல்லு. எங்கம்மா ஆசைப்படுது."

விழாவன்று காலை, போட்டோவிலாவது காப்பு அவரவர் கையில் இருக்கட்டும் என்று, ஆடுகளைப் பிடித்து அதைக் கழற்ற ஒரு முயற்சி நடந்தது. நாற்பது இளைஞர்கள் மஞ்சள் டீ சட்டை போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில் பாய்ந்தால் எந்த ஆடு நிற்கும்? மந்தை மொத்தமும் பட்டி வேலியைத் தாண்டி முகட்டுக்குப் போய்விட்டது.

மைதானத்தில் பந்தல். மேடையில் ஆளுயரத் திரை. அதில் மலையின் படமும், படத்தில் நாற்பது பச்சைப் புள்ளிகளும் தெரிவதாக ஏற்பாடு. பெட்டியையும் உருட்டி வந்து மேடை ஓரத்தில் வைத்திருந்தார்கள். காலையிலிருந்து அது ஏதோ எச்சரிக்கை சொல்லிக்கொண்டே இருந்தது. தலைமை விருந்தினர் பேசும்போது குறுக்கே பேசினால் மரியாதையாக இருக்காது என்று தனிஸ்லாஸ் அதன் குரலை மட்டும் அணைத்து வைத்தார்.

டாக்டர் ஹரிஹரபுத்திரன் மூன்று கார்களில் வந்தார். அதாவது ஒன்றில் அவர் வந்தார். மற்ற இரண்டில் அவர் வருகிறார் என்ற செய்தி வந்தது. இறங்கியதும் பஞ்சாயத்துத் தலைவர் கண்ணைக் காட்ட, வாசலில் விரித்திருந்த பத்தாயிரம் வாலா வெடித்தது. தீத்தடுப்பு விழாவுக்கு வெடி எதற்கு என்று யாருக்கும் தோன்றவில்லை. வெடி இல்லாமல் ஒரு பெரிய மனிதரை வரவேற்பது அந்த ஊரில் அவரைத் திட்டுவதற்குச் சமம். ராக்கெட் வாணமும் நாலு விட்டார்கள். மூன்று மேலே போயின.

"நெருப்பு!" என்று தொடங்கினார் இயக்குநர். "நெருப்பு என்பது வெளியே எரிவதல்ல. இளைஞர்களின் உள்ளே எரியவேண்டியது. இந்த நாற்பது வீரர்களைப் பாருங்கள். சராசரி அனுபவம் மூன்றாண்டு. நூற்றுக்கு நூறு பேரும் சைவம். சராசரி எடை முப்பத்திரண்டு கிலோதான். இந்த மெலிந்த உடலை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்குப் பதினாறு கிலோமீட்டர்! இவர்களுடைய ஊட்டச்சத்து குறித்து நான் மேலிடத்தில் பேசியிருக்கிறேன்."

முன்வரிசையில் எண்பத்தைந்து கிலோ சுருளிவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

விருமாயிக்குப் பேச்சு காதில் விழவில்லை. அவள் மூக்கு ஆட்டுக்காரி மூக்கு. எலுமிச்சை வாசம் வந்தது. காயவைத்த வாசமல்ல, எரிகிற வாசம். எழுந்து திரும்பிப் பார்த்தாள். பந்தலுக்கு மேலே, நாலாவது ராக்கெட் போன திக்கில், எலுமிச்சைப்புல் சரிவின் அடியில் புகை.

அதே நேரம் திரையில் ஒரு சிவப்பு வட்டம் பூத்தது. நாற்பதில் முப்பத்தொன்பது பச்சைப் புள்ளிகள் ஒருகணம் நின்றன. பிறகு எதிர்த்திசையில் தலைதெறிக்க ஓடின.

"என்ன இது?" இயக்குநர் திரையைக் காட்டினார். "தீயைப் பார்த்ததும் ஓடுகிறார்களே! நம் வீரர்கள் எங்கே ஓடுகிறார்கள்?" பிறகு முன்வரிசையைப் பார்த்தார். மஞ்சள் டீ சட்டைகளை எண்ணினார். திரையை எண்ணினார். "நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்படியானால் அங்கே ஓடுவது யார்?"

விருமாயி மேடை ஏறவில்லை. அதற்கு நேரமில்லை. நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்.

"அது ஆடு சார்! எங்க ஆடு. ரெண்டு மாசமா அதுகதான் ரோந்து போச்சு. கேஸ் போடறதுன்னா எம்மேல போடுங்க, பட்டி என்னுது. இப்ப வழிய விடுங்க." பந்தலில் வாழைமரத்துக்குத் துணையாகக் கட்டியிருந்த பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்தாள். "டேய், வாங்கடா! தீ முகட்டுக்குப் போச்சுன்னா ஒண்ணும் பயமில்ல, அங்க மேஞ்சு மொட்டையாக் கெடக்கு. ரெண்டு ஓரத்துலயும் எறங்கிறக் கூடாது. சுருளி, ஓடைப்பக்கம் இருபது பேரு. மிச்சம் எங்கூட!"

எழுச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாற்பது பேரும் எழுந்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. தெய்வக்கனி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். பந்தல்காரன் தன் பந்தலின் வேப்பிலைத் தோரணங்களைத் தானே பிய்த்துக் கொடுத்தான். தனிஸ்லாஸ் இரண்டு அடி ஓடி, நின்று, கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டு மறுபடி ஓடினார். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அப்புறம் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எலுமிச்சைப்புல் எண்ணெய் பிடித்த புல். தீ அதில் ஏறுவதில்லை, பாய்கிறது. ஆனால் ஓரங்களில் கொப்பால் அடிக்க அடிக்க ஒடுங்கியது. அடிப்பதற்கு இவர்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டியிருக்கவில்லை. எல்லாரும் சின்ன வயதில் அந்தச் சரிவில் உருண்டவர்கள்தான். எந்தப் பள்ளத்தில் காற்று திரும்பும் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. ஜீப்காரன் ஏலக்காய்க்கு மருந்தடிக்கும் தெளிப்பானில் தண்ணீர் கொண்டுவந்தான். தெய்வக்கனி ஒரு பாறைமேல் நின்று, "எடப்பக்கம்! இன்னும் எடப்பக்கம்! சுருளி, அது உன் வலப்பக்கம்டா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

நடுவில் பாய்ந்த தீ முகட்டை எட்டியது. எட்டி, எதிரே பார்த்தது. பஸ் அகலத்துக்கு வெறும் மண். இரண்டு மாதமாக மேய்ந்து மிதித்து வழித்த மண். ஒரு சருகு இல்லை. தீ கொஞ்சநேரம் அங்கேயே நின்று எரிந்தது. அப்புறம் தின்ன ஏதுமில்லாமல் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பக்கம் நாற்பத்தாறு ஆடுகளும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

கரிபிடித்த முகங்களோடு அவர்கள் கீழே இறங்கியபோது இயக்குநர் பெட்டியின் முன்னால் நின்றிருந்தார். யாரோ அதன் குரலைத் திறந்துவிட்டிருந்தார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சிக்காரன் ஒருத்தன் காமிராவைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"இயந்திரமே, உன் அறிக்கையில் இவை ஆடுகள் என்று ஏன் சொல்லவில்லை?"

பெட்டி மேடைத் தமிழில் பதில் சொன்னது. "ஐயா, படிவத்தில் 'இனம்' என்ற கட்டம் இல்லை. வயது என்ற கட்டத்தில் மூன்று என்று நிரப்பினேன். எடை முப்பத்திரண்டு. உணவு, தழை. ஆணையத்தில் அதைச் 'சைவம்' என்று திருத்தினார்கள். வயது தவறு என்று கருதி 'அனுபவம்' என்ற கட்டத்துக்கு மாற்றினார்கள். நான்கு நிலைகளில் கையொப்பம் பெறப்பட்டது. இறுதிக் கையொப்பம் தங்களுடையது."

காமிரா மெல்ல இயக்குநர் பக்கம் திரும்பியது. 

விருமாயி கொப்போடு இரண்டடி முன்னால் வந்தாள். வேலியோ வழக்கோ, இந்த ஆளின் வாயிலிருந்துதான் இப்போது வரப்போகிறது.

டாக்டர் ஹரிஹரபுத்திரன் முப்பது வருஷம் பதவியில் இருந்தவர். சறுக்கினால் அதையே நடனமாக்கத் தெரிந்தவர். தொண்டையைச் செருமினார்.

"அன்பர்களே, இன்று நாம் கண்டது ஒரு சோதனை. மனிதனும் விலங்கும் கைகோத்தால் தீயை வெல்லலாம் என்று நான் நெடுநாளாகவே சிந்தித்து வந்திருக்கிறேன். அதை வெளியே சொல்லாமல் இந்த ஊரில் செயல்படுத்திப் பார்த்தோம். வெற்றி! இனி இது 'முழு உயிரினக் காவல் முன்மாதிரி வனம்'. இங்கே வேலி கிடையாது. உறுப்பினர்கள் தடையின்றி மேயலாம்... ரோந்து செல்லலாம்."

"நெடுநாளாச் சிந்திச்சாராம்ல," என்றான் சுருளி மெதுவாக.

"சிந்திக்கட்டும்டா," என்றாள் விருமாயி. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேலி இல்லன்னு சொல்லிட்டாருல்ல? காமிராவுல பதிஞ்சிருச்சுல்ல?"

"பதிஞ்சிருச்சுக்கா," என்று தெய்வக்கனி அவள் பக்கத்திலேயே சரிந்தாள். உடனே ஞாபகம் வந்து எழுந்தாள். "போட்டோ எடுக்கலயே!"

எடுத்தார்கள். நாற்பது கரிமூஞ்சிகள், ஒரு இயக்குநர், இறங்கி வந்து நடுவில் நுழைந்த பட்டாளத்தான். தனிஸ்லாஸ் ஓரத்தில் நின்றார். அட்டை போடாததால் போட்டோவில் தன்னை வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை என்று பிறகு சொன்னார்.

மறுநாள் காலை விருமாயி பட்டியைத் திறந்தபோது வாசலில் பதின்மூன்று பேர் அரிவாளோடு நின்றார்கள். எலுமிச்சைப்புல் சரிவில் மிச்சமிருப்பதை ஆடு தின்னாது, ஆள்தான் அறுக்கவேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. "ஏழு மணிக்கு விட்டுடுவியாக்கா? கடை தெறக்கணும்," என்று மட்டும் சுருளி கேட்டான்.

"நடங்க, வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டு அவள் சத்துணவுக் கூடத்துக்குப் போனாள். பெட்டி பழைய இடத்தில் பச்சை விளக்கோடு இருந்தது.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள். "ஆடுன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

மேடைத் தமிழ் போய்விட்டிருந்தது. இரண்டு மாதமாக ஊர்ப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த குரல் அது. "பதினோராவது நாளே தெரியும்க்கா. எந்த மனுசன் குத்துப்பாறையில நின்னுக்கிட்டு அசை போடுவான்?"

"அப்பறம் ஏன் சொல்லல?"

"எனக்குப் போட்ட வேலை ஒண்ணுதான். தீப்பிடிக்கக் கூடாது. ஆடு போன எடத்துல பிடிக்கல. ஆடுன்னு எழுதுனா நாலாம் பக்கத்துப்படி வேலி போடுவாய்ங்க, அப்பறம் பிடிக்கும். அதான் எழுதல. யாராச்சும் பாராட்டி வேலி போடுவாய்ங்கன்னு நெனைக்கல. தீ எங்க வரும்னு கணிக்கத் தெரியுது, பாராட்டு எங்கேருந்து வரும்னு கணிக்க எனக்குத் தெரியலக்கா."

விருமாயிக்குச் சிரிப்பு வந்தது. "அதெல்லாம் இருக்கட்டும். நீ சொன்ன எடத்துக்கெல்லாம் ஆடு எப்படிய்யா மாறாமப் போச்சு? அதுக்கு நீ என்ன சொல்லிக் குடுத்த?"

பெட்டியின் விளக்கு இரண்டுதரம் மினுங்கியது.

"நான் எங்க சொன்னேன்? முதல் பத்து நாள் சொல்லிப் பாத்தேன். அதுக கேக்கல. ஆனா நான் காஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே அதுக அங்க போய் நின்னுச்சுக. அதுக்கு மேல நான் எதுக்குக் கணக்குப் போடணும்? சாயந்தரம் ஆடு எறங்கி வந்ததும், அது போன எடத்தையெல்லாம் வரிசையா எழுதி, காலை அஞ்சு மணின்னு போட்டு அனுப்பிட்டேன்."

விருமாயி வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தப் பட்டியலைத்தான் உலகத்திலேயே பிசகாத முன்கணிப்பு என்று இயக்குநர் மூன்று நாடுகளில் பேசியிருக்கிறார். அடுத்த மாதம் நாலாவது நாட்டுக்குப் போகிறார்.

"தப்புதாங்க்கா," என்றது பெட்டி. "இனிமே உள்ள நேரத்தையே போட்டுறவா? சாயந்தரம் ஆறேகால்னு?"

வெளியே புல்லறுக்கப் போகிறவர்களின் சத்தம் மேலேறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் மணிச்சத்தம். விருமாயி கொஞ்சம் யோசித்தாள்.

"எங்களுக்கு ஆறேகால்னு போடு," என்றாள். "தலைமையகத்துக்கு அஞ்சு மணியாவே இருக்கட்டும்."